குளமாக இருந்த கோயில்

மாஸ்கோ நகரத்துக்குப் போகிறவர்கள் சிவப்புச் சதுக்கத்தையும், லெனினுடைய சமாதியையும், பல நிறக் குமிழ்க் கோபுரங்கள் கொண்ட பஸீல் தேவாலயத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமும் அவற்றைப் பார்த்தோம். பார்க்க வேண்டியவைதான்; அதில் சந்தேகமில்லை. ஆனால் ருஷ்ய தேசத்தின் சென்ற இருநூறு வருஷத்துச் சரித்திரத்தை ஒரே இடத்தில் நின்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், கிரெம்ளின் கோட்டையைத் தாண்டி நதிக்கரையோடு தென்மேற்காகச் சிறிது தூரம் நடக்க வேண்டும். அங்கே வெள்ளை வெளேரென்று ஒரு சிறு மலையைப் போல் நிற்கிறது, இரட்சகர் கிறிஸ்துவின் பேராலயம். அதன் நடுக்கோபுரத்துச் சிலுவை தரையிலிருந்து 103 மீட்டர் உயரத்தில் பொன்னாக மின்னுகிறது.

பார்த்த மாத்திரத்தில், "எவ்வளவு புராதனமான கோயில்!" என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் இப்போது நிற்கும் கட்டடத்துக்குப் பிரதிஷ்டை நடந்தது 2000-ஆம் வருஷத்தில்தான். அதற்கு முன் அதே இடத்தில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. குளத்துக்கு முன் ஒரு பெரிய குழி. குழிக்கு முன் இதே உருவத்தில் ஒரு கோயில். கோயில், குழி, குளம், மறுபடியும் கோயில் என்று ஒரே மண் நான்கு வேஷம் போட்டுவிட்டது. ஒவ்வொரு வேஷத்தையும் அதற்குக் கட்டிவிட்டவர்கள் அந்தந்தக் காலத்து அரசாங்கத்தார். பொதுவுடைமை ஆட்சி மறைந்த பிறகு அந்தத் தேசத்தில் மதத்தின் நிலை என்ன ஆயிற்று என்பதை இந்த ஒரு மனையின் கதையே சொல்லிவிடும்.

தமிழ் நாட்டில் நம் வயதுள்ளவர்களுக்கு ருஷ்யா முற்றிலும் அந்நியமான தேசம் அல்ல. சிறு வயதில் நம் வீடுகளுக்கு வந்த 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழவழப்பான தாள்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு அட்டை போட மிகவும் ஏற்றவையாக இருந்தன. மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகிவந்த ருஷ்யக் கதைகளைச் சொற்ப விலைக்கு வாங்கிப் படித்தோம். அந்தப் படங்களில் டிராக்டர்கள் இருந்தன. கோதுமை வயல்கள் இருந்தன. சிரித்த முகத்துடன் குழந்தைகள் இருந்தார்கள். பிரார்த்தனை செய்யும் மனிதர் ஒருவரையாவது பார்த்த ஞாபகம் நமக்கு இல்லை. ஆகையால், வீதியில் போகும் ஜனங்கள் கோயிலைக் கண்டதும் நின்று, தலை வணங்கி, மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டு நடந்ததுதான் மாஸ்கோவில் நம்மை முதலில் ஆச்சரியப்படுத்தியது.

சக்கரவர்த்தியின் வேண்டுதல்

1812-ஆம் வருஷத்தில் நெப்போலியன் மாஸ்கோவைப் பிடித்தான். நகரம் தீப்பற்றி எரிந்தது. பிறகு அவனுடைய மகா சேனை பனியிலும் பட்டினியிலும் அழிந்து போயிற்று. கடைசிப் பிரெஞ்சுச் சிப்பாயும் ருஷ்ய எல்லையைக் கடந்ததும், முதலாம் அலெக்ஸாந்தர் சக்கரவர்த்தி கடவுளுக்கு நன்றியாக மாஸ்கோவில் ஓர் ஆலயம் எழுப்புவதாகப் பிரகடனம் செய்தார். வேண்டுதல் செய்வது எளிது; நிறைவேற்றுவது கடினம் என்பது சக்கரவர்த்திகளுக்கும் பொருந்தும். முதலில் நகருக்கு வெளியே குருவிக் குன்றுகளில் அஸ்திவாரம் போட்டார்கள், வேலை நின்றது, சிற்பி மோசடிக் குற்றம் சாட்டப்பட்டு, தேசத்துக்குள்ளேயே தூரப் பிரதேசம் ஒன்றுக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டார். அடுத்துவந்த முதலாம் நிக்கலாஸ் காலத்தில் கான்ஸ்டண்டீன் டான் என்னும் சிற்பியின் திட்டப்படி, இப்போதைய இடத்தில் 1839-இல் மறுபடி அஸ்திவாரம் இடப்பட்டது. பிரதிஷ்டை நடந்தது 1883-இல். அதற்குள் மூன்று சக்கரவர்த்திகள் காலமாகிவிட்டார்கள்.

இந்தக் கோயிலுக்கு இடம் தேடியபோது, அங்கே ஏற்கெனவே இருந்த கன்னியாஸ்திரீகளின் மடம் ஒன்றை அகற்றி வேறிடத்துக்கு அனுப்பினார்கள். மடத்துத் தலைவி அந்த மண்ணைச் சபித்துவிட்டுப் போனாள் என்று மாஸ்கோவில் ஒரு கதை வழங்குகிறது. சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். இந்த மனையில் அரசாங்கத்தின் சௌகரியத்துக்காக முதன்முதலில் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த பெண்கள். அப்புறப்படுத்தியவரோ நாஸ்திகர் அல்ல, பக்தியுள்ள ஜார் சக்கரவர்த்தி!

ஜார்களுடைய பக்தி ஒரு விசித்திரமான பக்தி. ருஷ்யத் திருச்சபைக்குப் 'பேட்ரியார்க்' என்னும் தலைமைக் குரு ஒருவர் இருந்துவந்தார். 1700-இல் அந்தப் பதவியில் இருந்தவர் காலமானதும், மகா பீட்டர் சக்கரவர்த்தி புதியவரைத் தேர்ந்தெடுக்க விடவில்லை. 1721-இல் திருச்சபையை ஒரு சபையின் நிர்வாகத்தில் வைத்தார்; அடுத்த வருஷம் மேற்பார்வைக்கு ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தரையும் அமர்த்தினார். அன்று முதல் இருநூறு வருஷம் திருச்சபை அரசாங்க இலாகாக்களில் ஒன்றாகவே நடந்துவந்தது. கோயில்களில் தங்கம் குறைவில்லாமல் இருந்தது. சுதந்திரம் மாத்திரம் இல்லை.

1917-இல் ஜார் ஆட்சி ஒழிந்தது. குருமாரும் பொதுஜனப் பிரதிநிதிகளும் மாஸ்கோவில் கூடி, மறுபடியும் ஒரு பேட்ரியார்க்கைத் தேர்ந்தெடுக்கத் தீர்மானித்தார்கள். அந்தத் தேர்தல் முறை தமிழர்களுக்கு மிகவும் ருசிக்கும். வோட்டின் மூலம் மூன்று பேரைப் பொறுக்கி, அவர்கள் பெயர்களைச் சீட்டுகளில் எழுதி, ஒரு பேழையில் இட்டு, வயது முதிர்ந்த துறவி ஒருவரைக் கொண்டு ஒரு சீட்டை எடுக்கச் செய்தார்கள். உத்தரமேரூர்க் கல்வெட்டில் நாம் படிக்கும் குடவோலை முறையேதான்! அது நடந்த இடம் இந்தப் பேராலயம். சீட்டில் வந்த பெயர் டீகன் என்பவருடையது. அப்போது வெளியே போல்ஷ்விக்குகள் நகரத்தைப் பிடித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. இரண்டு நூற்றாண்டு காத்திருந்து திருச்சபை அடைந்த சுதந்திரம் சில வாரங்களே நிலைத்தது. 1918-இன் தொடக்கத்தில் வந்த ஒரு சட்டம் அதன் சொத்துரிமையைப் பறித்துவிட்டது. டீகன் சிறைக்காவலில் வைக்கப்பட்டார், 1925-இல் காலமானார். அவருக்குப் பிறகு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கப் பதினெட்டு வருஷம் அரசாங்கம் அனுமதி தரவில்லை.

வெடியும் குழியும் குளமும்

1931-ஆம் வருஷம் டிசம்பர் 5-ந் தேதி. ஸ்டாலினுடைய அரசாங்கம் அந்தப் பேராலயத்துக்கு வெடி வைத்தது. கோபுரங்களின் தங்கத்தை முன்பே உரித்து எடுத்தாகிவிட்டது. முதல் வெடியில் கட்டடம் முற்றிலும் விழவில்லை. இன்னொரு முறை வைக்க வேண்டியிருந்தது. இதைப் படம் பிடிப்பதற்கு ஓர் இளைஞரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் படச்சுருள் இன்றும் இருக்கிறது. நாற்பத்து நான்கு வருஷம் கட்டியது ஒரு பகலில் புழுதியாக எழுந்து நதியின் மேல் படிவதை அதில் காணலாம்.

கோயிலை இடித்தது வெறும் துவேஷத்தினால் மட்டும் அல்ல. அந்த இடத்தில் வேறொரு கோயில் கட்டத்தான். அதற்குச் 'சோவியத்துகளின் அரண்மனை' என்று பெயர். 415 மீட்டர் உயரம்; உச்சியில் லெனினுடைய பிரமாண்டமான சிலை. பூமியிலேயே உயரமான கட்டடமாக அது விளங்க வேண்டும் என்பது திட்டம். சுரங்க ரயிலுக்கு அங்கே ஒரு நிலையம் கட்டி, 1935-இல் அதைத் திறந்து, வராத அரண்மனையின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அஸ்திவாரம் முடிந்து, இரும்புச் சட்டம் எழும்பத் தொடங்கிய சமயத்தில் 1941-இல் ஹிட்லர் படையெடுத்தான். சட்டத்தைக் கழற்றி நகரத்தின் பாதுகாப்புக்கும் பாலங்களுக்கும் உபயோகித்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு அரண்மனை எழவே இல்லை. குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அதே யுத்தத்தின் நடுவில் இன்னொரு அதிசயம் நிகழ்ந்தது. 1939-இல் ருஷ்யத் திருச்சபையில் சிறைக்கு வெளியே பணியில் இருந்த பிஷப்புகள் நாலே பேர். 1943 செப்டம்பர் 4-ந் தேதி இரவு ஸ்டாலின் மூன்று மூத்த பிஷப்புகளைக் கிரெம்ளினுக்கு வரவழைத்தார். சில நாட்களுக்குள் புதிய பேட்ரியார்க் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேசபக்தியை எழுப்புவதற்குக் கோயில் மணி தேவையாக இருந்தது. மணியை அடிக்க ஆளும் தேவையாக இருந்தது. கூடவே திருச்சபையைக் கண்காணிப்பதற்கு ஒரு சர்க்கார் இலாகாவும் ஏற்பட்டது. ஜார்கள் விட்டுப்போன கயிற்றை ஸ்டாலின் எடுத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த குருஷ்சேவ் ஆயிரக்கணக்கான கோயில்களை மறுபடியும் மூடினார். அவர் காலத்தில்தான், 1960-இல், அந்தக் குழி நீச்சல் குளம் ஆயிற்று. சுமார் 130 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான குளம், வெந்நீர்க் குளம், பனி கொட்டும் மாதங்களிலும் திறந்த வெளியில் நீந்தலாம். எதிர்ப்புறத்தில் இருக்கும் சித்திரசாலையின் ஓவியங்களை இந்த நீராவி கெடுக்கிறதே என்று அறிஞர்கள் கவலைப்பட்டார்கள். முதலில் கோயில், அப்புறம் குப்பை, இப்போது வெட்கக்கேடு என்ற கருத்தில் மாஸ்கோவாசிகள் எதுகை மோனையுடன் ஒரு வசனம் சொல்லிக்கொண்டார்களாம். உரக்கச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

மீண்டும் எழுந்த கோபுரம்

1988-இல் ருஷ்யா கிறிஸ்து மதத்தைத் தழுவி ஆயிரம் வருஷம் நிறைந்தது. கொர்பசேவ் அந்த ஏப்ரலில் பேட்ரியார்க்கைக் கிரெம்ளினில் வரவேற்றார். 1990-இல் மத சுதந்திரச் சட்டம் வந்தது. 1991-இல் சோவியத் யூனியனே மறைந்தது. மாஸ்கோ மேயர் லுஷ்கோவ் குளத்தை மூடி, பழைய கோயிலைப் பழைய உருவத்திலேயே எழுப்பும் வேலையை மேற்கொண்டார். பொதுஜனங்களின் நன்கொடையும், பெரிய வர்த்தக ஸ்தாபனங்களின் பணமும், சர்க்கார் உதவியும் சேர்ந்தன. அவ்வளவு பெரிய வேலை ஐந்தாறு வருஷத்தில் முடிந்து, 2000-ஆம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி பிரதிஷ்டை நடந்தது.

நாம் உள்ளே போனது ஒரு சனிக்கிழமை மாலை. மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் நமக்கு மொழிபெயர்ப்பாளராக வந்திருந்தார். வாசலில் விமான நிலையத்தில் போல் சோதனை நடக்கிறது. உள்ளே நாற்காலியும் கிடையாது, பெஞ்சியும் கிடையாது. அந்தச் சபையின் வழக்கப்படி எல்லோரும் நின்றுகொண்டே தொழுகிறார்கள். பெண்கள் தலையில் துணி போர்த்தியிருக்கிறார்கள். கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் வழக்கமாக இருக்கும் படச்சுவருக்குப் பதிலாக, கோயிலுக்குள் ஒரு சிறு கோயில் போல வெள்ளைச் சலவைக்கல்லில் எட்டுப் பட்டை மண்டபம் ஒன்று நிற்கிறது. வாத்தியம் எதுவும் இல்லை; மனிதக் குரல்கள் மட்டுமே. அடித் தொண்டையிலிருந்து எழும் அந்த ஆண் குரல்கள் கோபுரத்தின் உட்புறத்தில் மோதித் திரும்பி வரும்போது, பாஷை தெரியாதவனும் தலை குனியத்தான் வேண்டும்.

வாயிலருகே ஒரு சிறு கடையில் மெழுகுவர்த்தி விற்கிறார்கள். பக்கத்திலே துண்டுக் காகிதங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை ஒரு சீட்டிலும், காலஞ்சென்றவர்களின் பெயர்களை இன்னொரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தால் குருமார் பிரார்த்தனையில் அவற்றை வாசிக்கிறார்கள். பெயரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்விக்கும் நமக்கு இது விளங்காமல் போகுமா? வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி இரண்டாவது சீட்டை நிரப்ப நெடுநேரம் எடுத்துக்கொண்டார்.

நம்மைக் கண்டதும், "இந்தியாவா?" என்று புன்னகை செய்து பேசத் தொடங்கினார். மாணவர் மொழிபெயர்த்தார்.

"நான் சிறுமியாக இருந்தபோது இங்கேதான் நீந்தக் கற்றுக்கொண்டேன்" என்றார் அந்த அம்மாள். "தலைமுடியில் பனி உறைந்துவிடும். உடம்பு மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். என் பாட்டி ஒருநாளும் குளத்துக்குள் இறங்கமாட்டாள். கரையிலே நின்றுகொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள். என்ன செய்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை."

"இப்போது புரிகிறதா?" என்று கேட்டோம்.

அவர் பதில் சொல்லாமல், தாம் எழுதிய சீட்டைக் காட்டினார். முதல் பெயர் பாட்டியினுடையது.

"ஸார், இந்த மாதிரி இங்கே பல பேர் சொல்லுவார்கள்" என்றார் மாணவர், வெளியே வந்த பிறகு. அரசாங்கம் கட்டிய குளத்தைப் போலவே இந்தக் கோயிலும் அரசாங்கம் கட்டியதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டியின் உதட்டசைவை எந்த அரசாங்கமும் கட்டவும் இல்லை, இடிக்கவும் முடியவில்லை. மதம் திரும்பி வந்தது என்று பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

அணைக்கும் கை

கணக்குப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் தெரிகிறது. பியூ என்னும் அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் 2014-இல் வெளியிட்ட விவரப்படி, 1991-இல் தங்களை ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ருஷ்யர் நூற்றுக்கு 31 பேர். 2008-இல் 72 பேர். மாதம் ஒரு முறையாவது கோயிலுக்குப் போகிறவர்களோ 2-லிருந்து 7 ஆக மட்டுமே உயர்ந்தார்கள். பெரும்பாலோருக்கு மதம் ஒரு வழிபாடாக அல்ல, ஒரு தேசிய அடையாளமாகத் திரும்பி வந்தது. பொதுவுடைமைத் தத்துவம் போன பிறகு, "நாம் யார்?" என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. ஜனங்களுக்கும் வேண்டியிருந்தது; ஆளுகிறவர்களுக்கும் வேண்டியிருந்தது.

எல்லாத் தேசங்களிலும் இப்படியே நடந்ததென்று சொல்ல முடியாது. போலந்தில் கத்தோலிக்கத் திருச்சபை தொழிலாளர்களின் பக்கம் நின்று சர்க்காரை எதிர்த்தது. கிழக்கு ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து நிக்கலாஸ் கோயிலின் திங்கட்கிழமைப் பிரார்த்தனையிலிருந்து கிளம்பிய ஊர்வலங்கள் 1989-இல் ஆட்சியையே அசைத்துவிட்டன. ஆனால் விடுதலை கிடைத்த பிறகு அந்த ஜனங்கள் கோயிலுக்குத் திரும்பவில்லை. ருஷ்யாவில் திருச்சபை அரசாங்கத்தை வீழ்த்தவும் இல்லை. வீழ்ந்த பிறகு வந்த அரசாங்கத்தினின்று விலகி நிற்கவும் இல்லை.

1997-இல் வந்த சட்டம் ருஷ்யச் சரித்திரத்தில் ஆர்த்தடாக்ஸ் மதத்துக்குள்ள விசேஷ ஸ்தானத்தை முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. 2007-இல் யெல்ட்ஸின் மறைந்தபோது அவருடைய சடலம் இந்தப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. 1894-க்குப் பிறகு ஒரு ருஷ்ய ஆட்சித் தலைவருக்குத் திருச்சபைச் சடங்குகளுடன் நடந்த முதல் அந்தியக் கிரியை அது. 2012 பிப்ரவரியில், பேட்ரியார்க் கிரில், 1990-களின் துன்பங்களிலிருந்து தேசம் மீண்டது கடவுளின் அற்புதம் என்றும், அதில் புடினுக்குப் பெரும் பங்கு உண்டென்றும் அவர் முன்னிலையிலேயே புகழ்ந்தார். சில நாட்களுக்குப் பின், முகமூடி அணிந்த இளம் பெண்கள் சிலர் இதே கோயிலுக்குள் புகுந்து, புடினை அகற்றும்படி தேவமாதாவை வேண்டி ஒரு கூச்சல் பாட்டுப் பாடினார்கள். கோயிலுக்குள் அப்படி நடந்துகொண்டது தகாது என்றே பக்தர்கள் பலரும் நினைத்தார்கள். நாமும் அப்படியே நினைக்கிறோம். ஆனால் அதற்கு மூன்று பெண்களுக்கு இரண்டிரண்டு வருஷம் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒருத்தி மட்டும் மேல் விசாரணையில் வெளியே வந்தாள். அடுத்த வருஷம், பக்தர்களின் மனத்தைப் புண்படுத்துவதைச் சிறைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. கோயிலை வெடி வைத்துத் தகர்த்தவர்களில் எத்தனை பேர் சிறை புகுந்தார்கள் என்று நாம் கேட்கவில்லை.

2020-இல் திருத்திய அரசியல் சட்டத்தில் கடவுளின் பெயரும் இடம் பெற்றது. அதே வருஷம் மாஸ்கோவுக்கு வெளியே ராணுவத்துக்கென்றே ஒரு பேராலயம் எழுந்தது. யுத்தம் முடிந்த 1945-ஐக் குறிக்கும்படி அதன் பிரதான கோபுரத்தின் குறுக்களவை 19.45 மீட்டராக அமைத்தார்கள். ஜெர்மானியரிடமிருந்து பிடித்த ஆயுதங்களை உருக்கிப் படிக்கட்டில் சேர்த்தார்கள். 2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்களிலும் பெரும்பாலோர் அதே மதத்தினர். அதே சிலுவைக் குறி இடுகிறவர்கள். அந்தச் செப்டம்பரில் கிரில் தம் பிரசங்கத்தில், கடமையைச் செய்து யுத்தத்தில் மடிகிறவனுடைய பாவங்கள் கழுவப்படும் என்று சொன்னார். 2024 மார்ச்சில் அவர் தலைமையில் கூடிய மகாசபை அந்த யுத்தத்தைப் 'புனித யுத்தம்' என்றே வர்ணித்தது. உக்ரைனில் அவருடைய ஆதிக்கத்தின் கீழ் இருந்துவந்த திருச்சபை 2022 மே மாதத்திலேயே தன்னைச் சுயேச்சையானதென்று அறிவித்துக்கொண்டது.

திருச்சபையில் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நினைப்பது அநியாயம். யுத்தம் தொடங்கிய சில நாட்களுக்குள், ஏறக்குறைய முந்நூறு குருமார் சமாதானம் வேண்டி ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பேட்ரியார்க் வெற்றிக்காக ஒரு பிரார்த்தனையை எழுதி எல்லாக் கோயில்களிலும் வாசிக்கச் சொன்னபோது, மாஸ்கோப் பாதிரியார் ஒருவர் அதில் 'வெற்றி' என்னும் சொல்லை மாற்றிச் 'சமாதானம்' என்று வாசித்தார். 2023-இல் திருச்சபை நீதிமன்றம் அவருடைய குருப்பட்டத்தைப் பறித்தது. ஒரே ஒரு சொல்! கிறிஸ்துவின் வாயில் அடிக்கடி வந்த சொல் அந்த இரண்டில் எது என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள்.

புட்டோவோவின் ஆப்பிள் மரங்கள்

மறுநாள் மாணவர் நம்மை நகரத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள புட்டோவோ என்னும் இடத்துக்கு அழைத்துப் போனார். பெரிய பேராலயத்தைக் கண்டவர்கள் இதையும் காண வேண்டும் என்பது அவருடைய அபிப்பிராயம். ஸ்டாலினுடைய ரகசியப் போலீஸ், 1937 ஆகஸ்டு முதல் 1938 அக்டோபர் வரை, பதினான்கு மாதத்துக்குள் இங்கே இருபதாயிரத்துக்கு மேற்பட்ட மனிதர்களைச் சுட்டுக் குழிகளில் புதைத்தது. குழிகள் பதின்மூன்று. மேலே புல் வளர்ந்திருக்கிறது. ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. ஒரு சிறிய மரக் கோயிலும், 2007-இல் பிரதிஷ்டை செய்த ஒரு கற்கோயிலும் இருக்கின்றன.

இங்கே புதைக்கப்பட்டவர்கள் தொழிலாளிகள், விவசாயிகள், உத்தியோகஸ்தர்கள், கம்யூனிஸ்டுகள், பல ஜாதி ஜனங்கள். சுமார் ஆயிரம் பேர் மதத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள். அவர்களில் முந்நூற்றுக்கு மேற்பட்டவர்களைத் திருச்சபை புனிதர்கள் வரிசையில் சேர்த்திருக்கிறது. செராபீம் என்ற பிஷப்பைச் சுடும்போது அவருக்கு வயது 81. துறவு பூணுமுன் ஜாருடைய ராணுவத்தில் போர் செய்து விருது பெற்றவர் அவர். 2017-இல் இங்கே ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள். நீண்ட பள்ளமான பாதையின் இரு மருங்கிலும் கருங்கல். அதில் சுட்ட தேதிவாரியாக, நாள் நாளாக, பெயர்கள். பட்டம் இல்லை, பதவி இல்லை, மதமும் இல்லை. சில தேதிகளின் கீழ்ப் பெயர்கள் முடிவில்லாமல் போகின்றன. பிஷப்புக்குப் பக்கத்தில் யாரோ ஒரு குடியானவன். அவனுக்குப் பக்கத்தில் யாரோ ஒரு கம்யூனிஸ்டு.

வருஷந்தோறும் ஈஸ்டருக்குப் பின் ஒரு சனிக்கிழமை பேட்ரியார்க் இங்கே வந்து திறந்த வெளியில் வழிபாடு நடத்துவது வழக்கமாகிவிட்டது. 2007-இல் புடினும் வந்து மலர் வைத்தார். ஆனால் இப்படிக் கொல்லப்பட்டவர்களின் பெயர்களைத் தேசமெங்கும் தேடித் தொகுத்துவந்த 'மெமோரியல்' என்னும் சங்கத்தை 2021 டிசம்பரில் ருஷ்ய உச்ச நீதிமன்றம் கலைத்துவிட உத்தரவிட்டது. அடுத்த வருஷம் அந்தச் சங்கத்துக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மாண்டவர்களுக்கு மலர் வைக்கலாம். அவர்களைக் கொன்றது யார் என்று கேட்பது மாத்திரம் சௌகரியமாக இல்லை.

"ஸார், இரண்டில் எது உங்களுக்குப் பிடித்தது?" என்று மாணவர் கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று தெரிந்தது. பேராலயத்தைப் பழிப்பது நம் நோக்கம் அல்ல. கோயிலை இடித்தது கொடுமை. இடித்த இடத்தில் மறுபடி கட்டியது நியாயம். அங்கே மெழுகுவர்த்தி ஏற்றுகிற ஜனங்களின் பக்தி உண்மையான பக்தி. ஆனால் ஜார் கட்டிய கோயிலை ஸ்டாலின் இடிக்க முடிந்ததற்கும், இன்று அது மறுபடி நிமிர்ந்திருப்பதற்கும் ஒரே காரணந்தான்: எந்தக் காலத்திலும் அதன் திறவுகோல் பக்கத்துக் கோட்டையில்தான் இருந்தது. அடிக்கிற கையை எதிர்த்து நிற்க மதத்துக்குத் தெரியும். புட்டோவோவின் சுவர் அதற்குச் சாட்சி. அணைக்கிற கையை எப்படி விலக்குவது என்பதுதான் கஷ்டமான பாடம். அந்தப் பாடத்தை ருஷ்யத் திருச்சபை மட்டுமா இன்னும் படித்து முடிக்கவில்லை? உலகத்தில் எந்த மதத்துக்கும், எந்தத் தேசத்துக்கும் அந்தப் பாடப்புத்தகம் உபயோகப்படும். ஆட்சி மாறும்போது கோயில் குளமாகாமல் இருக்க வேண்டுமானால், ஆட்சி நடக்கும்போது அது கோட்டையின் ஒரு பகுதியாக ஆகாமல் இருந்தாக வேண்டும்.